கூர்னே பார்: கடைசிப் பத்து கிலோமீட்டரில் ரேடியோவுக்குத் தடை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சைக்கிள் பந்தயம் பார்க்க நான் போகிற இந்த பியர்க் கடையின் பெயரை எழுதப்போவதில்லை. கடைக்கார அம்மா அப்படிக் கேட்டுக்கொண்டார். எட்டு மேசை, ஒரு கவுன்ட்டர், மூலையில் ஒரு டிவி. இதற்கு மேல் ஆள் வந்தால் தன்னால் சமாளிக்க முடியாது என்றார். "தமிழில்தானே எழுதப்போகிறேன், யார் வரப்போகிறார்கள்?" என்றேன். "உன்னைப்போல் இன்னொருத்தன் வந்தால் போதாதா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அடையாளம் மட்டும் சொல்கிறேன். பெல்ஜியத்தில் மேற்கு ஃப்ளாண்டர்ஸ் மாகாணம், கோர்ட்ரெய்க் நகரை ஒட்டி கூர்னே என்று ஓர் ஊர். லெய ஆற்றிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் வரும். வாசலில் கடைப் பெயரைவிடப் பெரிய எழுத்தில் ஒரு பியர் விளம்பரம். ஜன்னலில் மஞ்சளேறிய லேஸ் திரை. வெளியிலிருந்து பார்த்தால் பூட்டிக் கிடப்பதுபோலத் தெரியும். கதவைத் திறந்தால் முப்பது பேர் ஒரே டிவியைப் பார்த்துச் சத்தம் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

நான் சோமனூர்க்காரன். தறிச் சத்தம் நின்றால்தான் எங்கள் வீட்டில் தூக்கம் கலையும். இங்கே நெசவு இயந்திரம் செய்கிற நிறுவனம் ஒன்றில் வேலை. இந்தப் பக்கமும் நெசவு பூமிதான். ஆளிச்செடித் தண்டை லெய ஆற்றில் ஊறப்போட்டு நார் எடுத்து, லினன் நெய்துதான் இந்த ஊர்கள் தலையெடுத்தன. அதனாலோ என்னவோ, வந்த முதல் மாதத்திலேயே ஊர் அந்நியமாகத் தோன்றவில்லை. சைக்கிள் பந்தயம்தான் புரியவில்லை.

கடைக்குள் நான் முதலில் போனதே பஸ் வராததால்தான். 2020 மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமை. நல்ல குளிர். நிறுத்தத்தில் முக்கால் மணி நேரம் நின்றேன். சாலையில் ஒரு வண்டி இல்லை. எதிரே இருந்த பாரில் நுழைந்து பஸ் எப்போது வரும் என்று கேட்டேன். "பந்தயம் முடிந்ததும்" என்றார் அந்த அம்மா, ஏதோ ராகுகாலம் முடிந்ததும் என்கிற மாதிரி. அன்றைக்குத்தான் கூர்னே–பிரஸ்ஸல்ஸ்–கூர்னே சைக்கிள் பந்தயம். டென்மார்க்கின் காஸ்பர் ஆஸ்கிரீன் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தார், பின்னால் ஒரு பெருங்கூட்டமே துரத்திக்கொண்டிருந்தது. "பிடித்துவிடுவார்கள், பிடித்துவிடுவார்கள்" என்று கடை முழுக்கப் பேச்சு. பிடிக்கவில்லை. ஜெயித்தவருக்கு மேடையில் ஒரு பஞ்சுக் கழுதை பொம்மையைக் கொடுத்தார்கள். கூர்னேக்காரர்களுக்குக் கழுதைகள் என்றுதான் சுற்றுவட்டாரத்தில் பட்டப்பெயராம். அந்தக் காலத்தில் காய்கறியைக் கழுதை வண்டியில் ஏற்றிக் கோர்ட்ரெய்க் சந்தைக்குப் போனவர்கள். திட்டிய பெயரையே பரிசாக்கிவிட்டார்கள். எனக்கு ஊரைப் பிடித்துப்போனது. அடுத்த இரண்டு வாரத்தில் கொரோனா வந்து பாரையெல்லாம் மூடிவிட்டார்கள், அது வேறு கதை.

இனி கடை.

பியரைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பின்ட்யே என்கிற சாதாரண ஒரு கிளாஸ் பியர் 2.60 யூரோ, குளிர்ச்சியாக, நுரை கத்தியால் சீவினமாதிரி வரும். பக்கத்து ரூசலாரே ஊர்ச் சரக்கான ரோடன்பாக் கிடைக்கிறது. செம்பழுப்பு நிறம், புளிப்பு. முதல் தடவை குடித்தபோது பழைய சோற்று நீராகாரத்தில் யாரோ நாவல்பழத்தைப் பிழிந்துவிட்ட மாதிரி இருந்தது. இப்போது அது இல்லாமல் முடியாது. சாப்பாடு சுமார்தான். இறால் குரோக்கெட் இரண்டு 14 யூரோ. வெளியே மொறுமொறுப்பு, இரண்டு தடவை நடுவில் சில்லென்று இருந்தது. தக்காளி சூப் நன்றாக இருக்கும், ஆனால் சைவக்காரர்கள் உஷார்: கிண்ணத்தின் அடியில் கறி உருண்டை கிடக்கும், மெனுவில் அதை எழுதமாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். இங்கே சூப் என்றால் உருண்டை இருக்கும் என்பது குழந்தைக்கும் தெரியும் என்கிறார்கள். சைவத்துக்கு நம்பி வாங்கலாம் என்றால் சீஸ் துண்டுகள்தான். கடுகு விழுதும் செலரி உப்பும் தொட்டுக்கொள்ளத் தருவார்கள். நம்மூரில் மாங்காய்க்கு மிளகாய்ப்பொடி மாதிரி, அந்த உப்புக்கு ஒரு தனி ருசி.

குளிர்காலத்தில் ரேடியேட்டர் பக்கத்து மேசையில் உட்கார்ந்தால் வெந்துபோவோம், மற்ற ஏழு மேசையிலும் ஜாக்கெட் கழற்ற முடியாது. கழிப்பறைக்கு முற்றத்தைத் தாண்டிப் போகவேண்டும். டிவியின் வலது ஓரத்தில் ஒரு பச்சைக் கோடு ஓடும். போன வருடம் முழுக்க ஓடியது, இந்த வருடமும் ஓடுகிறது. இதையெல்லாம் சகித்துக்கொண்டு ஏன் போகிறேன் என்றால், அங்கே நடக்கிற பேச்சுக்காக.

கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு கரும்பலகை இருக்கிறது. பந்தயத்துக்கு முன்னால் தலைக்கு இரண்டு யூரோ கட்டி, யார் ஜெயிப்பார் என்று ஒரு பெயர் எழுதலாம். ஒரே பெயர்தான், அழித்து எழுதக் கூடாது. சரியாகச் சொன்னவருக்கு மொத்தப் பணமும். யாரும் சொல்லவில்லை என்றால் பணம் அடுத்த பந்தயத்துக்குப் போகும். ஜெயித்தவர் கடையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரு சுற்று வாங்கித் தருவது எழுதப்படாத சட்டம்.

இந்தப் பலகையின் மவுசு சீசன் தொடக்கத்தில்தான். ஜனவரியில் ஆஸ்திரேலியா, பிப்ரவரியில் வளைகுடா, போர்ச்சுகல், ஸ்பெயின் என்று பந்தயங்கள் தொடங்கிவிடும், ஆனால் ஃப்ளாண்டர்ஸ்காரர்களுக்கு வருடம் பிறப்பது பிப்ரவரி கடைசியில் வரும் அந்தச் சனி, ஞாயிறில்தான். சனிக்கிழமை ஒம்லோப். கென்ட் நகரில் கிளம்பி, கல் பாவிய ஏற்றங்களெல்லாம் சுற்றி, நினோவேயில் முடியும். 1945இல் தொடங்கியது, 2004இல் பனியால் ரத்தானதை இன்றைக்கும் ஏதோ குடும்பத்து இழவு மாதிரி சொல்வார்கள். மறுநாள் எங்கள் கூர்னே. அந்த வார இறுதியில் யாருடைய உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒருவர் மலைமேல் மூன்று வாரம் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருப்பார், இன்னொருவருக்குப் போன வாரம் காய்ச்சல். பெரிய தலைகள் ஏப்ரலில் உச்சத்துக்கு வரவேண்டும் என்று பிப்ரவரியில் முக்கால்வாசிதான் தயாராக இருப்பார்கள். சின்ன அணிக்காரனுக்கு அந்தக் கவலை கிடையாது. அவனுக்கு இன்றைக்கு ஜெயித்தால் வருடம் முழுக்கச் சோறு. அதனால்தான் இந்த மாதத்தில் பலகையில் எழுதுவது குருட்டுப்பூனை விட்டத்தில் பாய்கிற கதையாகிறது.

2025 சீசன் தொடக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி 19 அன்று போர்ச்சுகலில் அல்கார்வே பந்தயத்தின் முதல் நாள். லாகோஸ் ஊரில் முடிவுக் கோட்டை நெருங்கும்போது ஒரு ரவுண்டானா. முன்னால் போனவர்கள் தவறான பக்கம் திரும்ப, பாதிக்கு மேல் கூட்டம் அப்படியே பின்னாலேயே போய்விட்டது. கோடு ஒரு சாலையில், சண்டை போட்டு ஸ்பிரிண்ட், அதாவது கடைசி முழுவேக மிதி, அடித்தவர்கள் தடுப்புக்கு அந்தப் பக்கம். சரியான சாலையில் வந்து முதலில் கோட்டைத் தாண்டியவர் இத்தாலியின் ஃபிலிப்போ கானா. கடைசியில் அன்றைய முடிவையே ரத்து செய்துவிட்டார்கள். வேலை நாள், நான் கடையில் இல்லை. மறுநாள் போனபோது கடைக்கார அம்மா பலகையின் ஓரத்தில் ஒரு ரவுண்டானா வரைந்து, அம்புக்குறி போட்டு, "கழிப்பறை இந்தப் பக்கம்" என்று எழுதி வைத்திருந்தார்.

அதற்குப் பத்து நாள் கழித்து, மார்ச் 1, ஒம்லோப். நான் பதினோரு மணிக்கே போய் ஜன்னல் பக்கத்து மேசையைப் பிடித்துவிட்டேன். ஆண்கள் பந்தயத்துக்கு 27 பேர் பணம் கட்டியிருந்தோம். பாதிப்பேர் யாஸ்பர் ஃபிலிப்சன், மீதிப்பேர் வௌட் ஃபான் ஆர்ட், இரண்டு பேரும் பெல்ஜியத்து நட்சத்திரங்கள். ஒரே ஒருவர், டென்மார்க், நார்வே என்று லாரி ஓட்டுகிறவர், பலகையில் "பெட்ரோல் பங்க் பையன்" என்று எழுதினார். பெயர் என்னவென்று எல்லோரும் கேட்டார்கள். எழுத வரவில்லை என்றார். அந்தப் பையன் நார்வேக்காரர் சோரன் வாரன்ஷோல்ட். அவருடைய அணி ஊனோ எக்ஸ். அந்த நாடுகளில் பெட்ரோல் பங்க் நடத்துகிற நிறுவனத்தின் பெயரில் ஓடுகிற, அப்போது இரண்டாம் நிலையில் இருந்த அணி. தான் டீசல் போடுகிற பங்க் என்பதைத் தவிர லாரிக்காரருக்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

அன்றைக்கு எதிர்க்காற்று. இதை விளக்கியாக வேண்டும். சைக்கிளில் வேகமாகப் போகும்போது முன்னால் போகிறவர்தான் காற்றைக் கிழிக்கவேண்டும். அவருடைய சக்கரத்தை ஒட்டிப் போகிறவருக்குக் கால்வாசிக்கும் மேல் உழைப்பு மிச்சம். எதிர்க்காற்று அடித்தால் இந்த வித்தியாசம் இன்னும் கூடும். கெரார்ட்ஸ்பெர்கன் ஊரில் 'சுவர்' என்றே பெயருள்ள கல் ஏற்றம் இருக்கிறது, உச்சியில் ஒரு சின்ன தேவாலயம். வழக்கமாகப் பலசாலிகள் அங்கேதான் மற்றவர்களை உதிர்த்துவிட்டுப் போவார்கள். காற்று முகத்தில் அடிக்கும்போது உதிர்த்துவிட்டுப் போய்தான் என்ன செய்ய? சுவிட்சர்லாந்தின் ஸ்டெஃபான் குங் தனியாகப் போய்ப் பார்த்தார். அவரையும் கடைசியில் பிடித்துவிட்டார்கள். ஒரு பெருங்கூட்டமாக நினோவேக்கு வந்தார்கள். பெட்ரோல் பங்க் பையன் ஜெயித்தார், பிரான்சின் இளம் பையன் போல் மான்யே இரண்டாவது, ஃபிலிப்சன் மூன்றாவது.

லாரிக்காரருக்கு 54 யூரோ கிடைத்தது. சட்டப்படி 27 பேருக்கு ஒரு சுற்று வாங்கினார், 70 யூரோ ஆனது. மனிதர் அதற்கப்புறமும் சிரித்துக்கொண்டேதான் இருந்தார்.

ஆண்கள் பந்தயம் முடிந்ததும் பாதிப்பேர் புகைக்க வெளியே போய்விட்டார்கள். பெண்கள் பந்தயம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கும் 23 பேர் பணம் கட்டியிருந்தோம். நான் நெதர்லாந்தின் டெமி ஃபோலரிங் பெயரை எழுதியிருந்தேன். ஒரு சிறு கும்பல் ஆரம்பத்திலேயே தப்பி முன்னால் போயிருந்தது, பத்து நிமிடத்துக்கும் மேல் இடைவெளி. டிவிக்குக் கீழே உட்கார்ந்திருந்த இரண்டு பாட்டிமார்தான் முதலில் கணக்குப் போட்டார்கள். இத்தனை கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்று ஒரு பாட்டி விரல் மடக்கி எண்ணிப் பார்த்துவிட்டு, "இனிமேல் பிடிக்க முடியாது" என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பெரிய அணிகள் எல்லாம் பின்னால் இருந்தன, நீ துரத்து, நீ துரத்து என்று ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு. ஒருத்தி துரத்தினால் மற்றவள் அவள் முதுகில் சவாரி செய்துவிட்டுக் கடைசியில் ஜெயித்துவிடுவாள் என்ற பயம். நம்மூரில் பங்காளிகள் கூட்டுக் கிணறு தூர் வாருவது மாதிரிதான். ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், கிணறு தூர்ந்துபோனது.

கடைசியில் இரண்டே பேர் மிஞ்சினார்கள். பெல்ஜியத்தின் லோட்டே க்ளாஸ், போலந்தின் ஆவுரெலா நெர்லோ. க்ளாஸ் ஜெயித்தார். வெளியே புகைத்துக்கொண்டிருந்தவர்கள் உள்ளே ஓடிவந்து யார், யார் என்று கேட்டார்கள். தங்கள் நாட்டுப் பெண் ஜெயித்திருக்கிறாள், ஆனால் பாதிப்பேருக்கு அவள் யாரென்றே தெரியவில்லை. பலகையில் அவள் பெயர் இல்லவே இல்லை. ஃபோலரிங் மூன்றாவதாக வந்தார். கணக்குப் போட்ட பாட்டி எழுந்து போய்ப் பலகையில் இருந்த 23 பெயர்களையும் ஈரத்துணியால் ஒரே இழுப்பில் துடைத்துவிட்டு, நடுவில் க்ளாஸ் என்று எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தார். அந்தப் பெயர் ஒரு வாரம் அழியாமல் இருந்தது.

அந்த 46 யூரோ மறுநாள் கூர்னே பந்தயத்துக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை 31 பேர். ஃபிலிப்சன் ஜெயித்தார், பதினெட்டுப் பேர் அவர் பெயரைத்தான் எழுதியிருந்தார்கள். ஆளுக்கு ஆறு யூரோ. பதினெட்டு ஜெயித்த முகங்களை அவ்வளவு சோகமாக நான் எங்கும் பார்த்ததில்லை. ஐந்து மணிக்கெல்லாம் கடை காலி.

ரேடியோ விஷயத்துக்கு வருகிறேன். டிவியில் வருவது ரேடியோவில் வருவதைவிட அரை நிமிடம் பிந்தித்தான் வரும். கடைக்கு வாடிக்கையாக வருகிற பெரியவர் ஒருவர், லினன் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காதில் ரேடியோ மாட்டிக்கொண்டு டிவி பார்ப்பார். பழக்கமாம். முடிவு அவருக்கு முதலில் தெரிந்துவிடும், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். ஒருமுறை அடிதடி வரைக்கும் போய்விட்டது. அப்போதுதான் கடைக்கார அம்மா சட்டம் போட்டார்: கடைசிப் பத்து கிலோமீட்டரில் ரேடியோ, போன் எல்லாம் கவுன்ட்டரில் இருக்கும் பிஸ்கட் டின்னுக்குள் போய்விட வேண்டும்.

அதே 2025, ஏப்ரல் 2, புதன்கிழமை. பக்கத்து வாரகெம் ஊரில் முடிகிற த்வார்ஸ் டோர் ஃப்ளாண்டரன் பந்தயம். பல்வலி என்று சொல்லி ஆபீசிலிருந்து மூன்று மணிக்கே கிளம்பிவிட்டேன். கூடவே பல்லடத்துத் தம்பி ஒருவனையும் அழைத்துப்போனேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம், அவனுக்குப் பல்வலியே இல்லை, எனக்குத் துணை என்று சொல்லிவிட்டு வந்தான்.

நாங்கள் போகும்போது முன்னால் நான்கு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். அதில் மூன்று பேர் ஒரே அணி, விஸ்மா: ஃபான் ஆர்ட், டீஸ் பெனோட், அமெரிக்கர் மட்டேயோ ஜோர்கன்சன். நான்காவது ஆள் இன்னோர் அமெரிக்கர், வேறு அணி, நீல்சன் பவ்லெஸ். தம்பிக்கு விளக்கினேன். மூவரில் ஒருவர் மாற்றி ஒருவர் பாய்ந்து ஓடுவார்கள். ஒவ்வொரு தடவையும் பவ்லெஸ்தான் துரத்திப் பிடிக்கவேண்டும். மூன்றாவது பாய்ச்சலில் கால் செத்துவிடும். ரொம்பச் சுலபம்.

"அப்புறம் ஏண்ணா யாருமே பாய மாட்டேங்கறாங்க?" என்றான்.

உண்மைதான். யாரும் பாயவில்லை. பெனோட்டும் ஜோர்கன்சனும் மாறி மாறி முன்னால் மிதித்துக்கொண்டே இருந்தார்கள், ஃபான் ஆர்ட் ஸ்பிரிண்ட்டுக்குக் காலை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் சக்கரத்தில் பவ்லெஸ், பல்லக்கில் வருகிற மாதிரி. கடையில் யாருக்கும் பயமில்லை. ஸ்பிரிண்ட் என்று வந்தால் ஃபான் ஆர்ட்டை இந்த ஆள் ஜெயிப்பதா? பலகையில் 19 பேர் ஃபான் ஆர்ட் பெயரை எழுதியிருந்தார்கள், ரவுண்டு வாங்கித்தர வேண்டியிருக்குமே என்று சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார் ஒருவர்.

பத்து கிலோமீட்டர் வந்ததும் டின் சுற்றிவந்தது. பெரியவரும் ரேடியோவைப் போட்டார். எல்லோரும் பார்த்தோம். ஆனால் கம்பளித் தொப்பிக்குள் இன்னொன்று வைத்திருந்திருக்கிறார், கிழட்டுத் திருடன்.

டிவியில் இன்னும் ஐந்நூறு மீட்டர் இருக்கும். அவர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். கிளாசைத் தூக்கிய கை உதடு வரைக்கும் போகவில்லை, நடுவில் நின்றது. அதில் நுரை ஒரு பக்கமாக வழிந்து அவர் விரலில் இறங்கியது. துடைக்கவில்லை. கிளாசை மெதுவாக, சத்தமே வராமல், அட்டைமேல் வைத்தார். அப்புறம் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

தம்பிதான் முதலில் கவனித்தான். "அண்ணா, அவரைப் பாருங்க." நான் பார்த்தேன். பக்கத்து மேசைக்காரர் என்னைப் பார்த்துவிட்டு அவரைப் பார்த்தார். அப்படியே ஒவ்வொருவராகத் திரும்ப, கடைசி இருநூறு மீட்டரை டிவியில் பார்த்தவர்கள் பாதிப்பேர்கூட இல்லை. எல்லோரும் அந்தப் பெரியவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். டிவியில் ஃபான் ஆர்ட் எழுந்து நின்று மிதிக்கத் தொடங்கினார். பின்னாலிருந்து பவ்லெஸ் வெளியே வந்தார். தாண்டினார். அவ்வளவுதான்.

காபி மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. கடைக்கார அம்மா கவுன்ட்டரைவிட்டு வந்து, பெரியவரின் காதிலிருந்து ஒயரைப் பிடுங்கி டின்னுக்குள் போட்டு மூடினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு யாரோ ஒருவர் சிரிக்க ஆரம்பித்தார், கடையே சிரித்தது, அப்புறம் சண்டை தொடங்கியது.

இந்தச் சண்டைக்குத்தான் நான் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். ஏனென்றால் இதே கதை இதற்குமுன்பும் நடந்திருக்கிறது. 2015 ஒம்லோப். அன்றைக்கும் நான்கு பேர், அன்றைக்கும் மூன்று பேர் ஒரே அணி: டாம் பூனன், நிக்கி டெர்ப்ஸ்ட்ரா, ஸ்டைன் ஃபாண்டன்பெர்க். எதிரே தனியாள், இங்கிலாந்தின் இயன் ஸ்டனார்ட். அவர்கள் பாய்ந்தார்கள். பூனன் பாய்ந்தார், ஸ்டனார்ட் பிடித்தார். டெர்ப்ஸ்ட்ரா பாய்ந்தார், அவரையும் பிடித்தார். கடைசியில் ஸ்டனார்டே பாய்ந்து, கூடவே ஒட்டிக்கொண்டு வந்த டெர்ப்ஸ்ட்ராவைக் கோட்டுக்கு முன்னால் ஜெயித்துவிட்டார். பாய்ந்தும் தோற்றது ஒரு அணி, பாயாமல் தோற்றது இன்னொன்று. எது பெரிய முட்டாள்தனம் என்பதுதான் கேள்வி.

கடை இரண்டாகப் பிரிந்தது. ஈர மேசையில் நான்கு பியர் அட்டைகளை வைத்து நகர்த்தி நகர்த்திக் காட்டினார்கள். லாரிக்காரர், 2015தான் மோசம் என்றார். பூனன் சோர்ந்திருந்தது தெரிந்தும் அவரை முதலில் அனுப்பியிருக்கக் கூடாதாம். பாட்டிமார் இருவரும் எதிர்க்கட்சி. முயற்சி செய்து தோற்றவனை மன்னிக்கலாம், உட்கார்ந்து தோற்றவனை எப்படி மன்னிப்பது என்றார் ஒருவர். பெரியவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஃபான் ஆர்ட் அட்டையைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு, போன வருடம் இதே பந்தயத்தில் இவன் எப்படி விழுந்தான் என்று யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்றார்.

இருந்தது. 2024இல் இதே பந்தயத்தில் பயங்கரமாக விழுந்து காறை எலும்பும் விலா எலும்புகளும் முறிந்தன. ஜோர்கன்சன்தான் அன்றைக்கு ஜெயித்தார். எழுந்து வருவதற்கு ஃபான் ஆர்ட்டுக்கு வெகுநாள் ஆனது. அதே சாலையில் அவன் ஜெயித்துப் பார்க்கவேண்டும் என்று மற்ற இருவரும் ஆசைப்பட்டிருப்பார்கள், அதில் என்ன கணக்கு என்றார் பெரியவர். ஸ்பிரிண்ட்டுக்குப் போகலாம் என்று சொன்னது தான்தான் என்று ஃபான் ஆர்ட்டும் அன்றைக்கே ஒப்புக்கொண்டு பழியை ஏற்றுக்கொண்டார். டிவியில் அவர் பேசியபோது கடையில் யாரும் குறுக்கே பேசவில்லை. பாட்டி மட்டும் "ஆசைப்பட்டது சரி, இரண்டு தடவை பாய்ந்துவிட்டு ஆசைப்பட்டிருக்கலாம்" என்றார். எனக்கும் அதுதான் தோன்றியது. பெரியவருக்கு முன்னால் சொல்லவில்லை.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான். டீக்கடையில் மறுநாள் காலையில் போட்டியைப் பிரித்து மேய்கிற ருசி தெரியும். இங்கேயும் அதே ருசிதான், ஆனால் ஒரு வித்தியாசம். நம்மூரில் தோற்றவனைத் திட்டி முடித்தால் பேச்சு முடிந்துவிடும். இவர்கள் திட்டுவதில்லை என்று சொல்லமாட்டேன், நன்றாகத் திட்டுகிறார்கள், ஆனால் அட்டைகளை மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுபோய் வைத்து, இந்த இடத்தில் வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்கிறார்கள். தறியில் இழை அறுந்தால் எங்கே அறுந்தது என்று பின்னோக்கிப் போய்த் தேடுகிற மாதிரி. பெரியவரிடம் இதைச் சொன்னேன். தான் நாற்பது வருடம் அதைத்தான் செய்தேன் என்றார்.

ஏப்ரல் 20 அன்று நெதர்லாந்தில் ஆம்ஸ்டல் கோல்ட் பந்தயத்தில் டென்மார்க்கின் மத்தியாஸ் ஸ்கெல்மோஸ, பெரிய தலைகளான போகாச்சரையும் எவனபூலையும் ஒரே ஸ்பிரிண்ட்டில் வீழ்த்தினார். ஈஸ்டர் ஞாயிறு என்பதால் கடை விடுமுறை. வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டம்மாவிடம், "பார்த்தாயா, பார்த்தாயா" என்றேன். "யாருங்க அந்தத் தம்பி, பாவம், நல்லா மூச்சு வாங்குது" என்றாள். சப்பென்று போய்விட்டது.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல்கள். திங்கள், செவ்வாய் விடுமுறை. கியூஆர் கோடு இருக்கிறது, ஆனால் பலகைக்குப் பணமாகத்தான் கொடுக்கவேண்டும். டச்சு தெரியாவிட்டால் பரவாயில்லை. மேற்கு ஃப்ளாண்டர்ஸ் பேச்சு டச்சு தெரிந்தவர்களுக்கே புரியாது. கூர்னே பந்தய நாளில் பஸ் வராது, கோர்ட்ரெய்க் ரயில் நிலையத்திலிருந்து நடந்துவிடுங்கள். ரேடியேட்டர் மேசை வேண்டாம். சூப் வாங்கினால் உருண்டை இல்லாமல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்; பல்லடத்துத் தம்பிக்கு இதைச் சொல்ல மறந்துவிட்டேன், அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவன் அன்றைக்குப் பலகையில் எழுதிய பெயர் பவ்லெஸ். மற்ற எல்லாப் பெயரும் எழுதக் கஷ்டமாக இருந்ததாம். 62 யூரோவை வாங்கிக்கொண்டு, ரவுண்டு வாங்கவேண்டிய சட்டம் தெரியாமல், அவன் பாட்டுக்குக் கிளம்பி வாசல் வரைக்கும் போய்விட்டான். கடைக்கார அம்மா கூப்பிட்ட கூப்பில் திரும்பி வந்தான்.